எங்கும் இறங்காத பயணம்



"கப்பல்ல போறதுக்கு நீயே காசு குடுக்கிறியா?"

தாய்லாந்தில் உள்ள கிராபிக்குப் போகிறேன், அங்கே ஒரு நாள் முழுக்கப் படகில் சுற்றப் போகிறோம் என்று சொன்னதும் என் பாட்டி கேட்ட முதல் கேள்வி இது. ஆமாம் என்றேன்.

"எங்க போய் எறங்குவீங்க?"

"எங்கயும் இல்ல பாட்டி. காலைல ஏறி, நாலஞ்சு தீவைச் சுத்திட்டு, சாயங்காலம் ஏறின எடத்துக்கே வந்துருவோம்."

பாட்டி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "அப்புறம் எதுக்கு ஐயா போற?"

அப்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வேனில் ஏறி, எல்லை தாண்டி, படகிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பதில் தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

பாட்டிக்குக் கடல் என்றால் வேறு. 1950-ல், எட்டு வயதில், தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். கப்பலின் பெயர் ரஜுலா. நம்மில் பலருடைய வீட்டில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் அதிகமான தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்ததாம். தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. மேல்தளத்தில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, வெயிலோ மழையோ அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பாட்டிக்கு ஞாபகம் இருப்பது மூன்றே விஷயங்கள்: எண்ணெய் நாத்தம், எல்லாரும் எடுத்த வாந்தி, பினாங்கு மலை தெரிந்ததும் அவர் அம்மா அழுதது. கோப்பேங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவருடைய அப்பா காத்திருந்தார். பதினாலு வயதில் பாட்டியும் பால்மரம் வெட்டப் போய்விட்டார்.

ஆக, பாட்டியின் கணக்கில் கடல் என்பது தாண்ட வேண்டிய ஒன்று. மறுகரையில் சோறு இருக்கிறது என்பதற்காகத் தாண்டுவது. சும்மா மிதப்பதற்கு ஒருவன் காசு கொடுப்பான் என்பது அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அதை விளக்கத் தெரியவில்லை.

அந்த ஒரு நாள்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாள் ரொம்ப அழகாக இருந்தது.

காம்பாரிலிருந்து எட்டுப் பேர். எல்லாரும் பொறியியல் மாணவர்கள். பரீட்சை முடிந்த இரவே வேன் எடுத்துக்கொண்டு புக்கிட் காயு ஈத்தாம், ஹட்ஞாய் வழியாகக் கிராபி போய்ச் சேர்ந்தோம். தைப்பூசத்துக்கு அப்போது ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. "விரதம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போய் ஆசை தீர ஆடிட்டு வந்துருவோம்" என்று ஒரு நண்பன் சொன்னதுதான் பயணத்தின் தொடக்கம். அந்த வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன்.

காலையில் ஆவ் நாங் கடற்கரையில் படகு ஏறினோம். படகின் முகப்பில் பூமாலையும் பல வண்ணத் துணிகளும் கட்டியிருந்தார்கள். படகைக் காக்கும் தேவிக்காம். மே யா நாங் என்று அவளை அழைக்கிறார்கள். அந்த முகப்பை மிதிக்கக் கூடாது என்று வழிகாட்டி சொன்னபோது, லோரியில் எலுமிச்சம்பழம் கட்டும் என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். கடலுக்கு நடுவே நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள், நம்ம ஈப்போ கல்லுமலையைத் தூக்கித் தண்ணீரில் இறக்கி வைத்தது போல இருந்தன. வைக்கிங் குகை வாசலில் மூங்கில் சாரம் கட்டிப் பறவைக் கூடு எடுக்கிறார்கள். பிலே என்ற உப்பங்கழியில் தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி. அதில் குதித்தபோது, மூன்று வருட அசைன்மென்ட் களைப்பெல்லாம் உடம்பிலிருந்து கழன்று போனது போல இருந்தது. அந்த மகிழ்ச்சி பொய் இல்லை. அதைத் தப்பு என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதவில்லை.

ஆனால் மூன்று இடங்களில் மனசு குத்தியது.

முதலாவது, கயிறு கட்டும் தம்பி. மியன்மார்காரன். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தீவிலும் முதலில் தண்ணீரில் குதிப்பவன் அவன், கடைசியில் ஏறுபவனும் அவன். எங்களுக்கு முகமூடி மாட்டிவிட்டு, வாந்தி எடுத்தவனுக்குத் தண்ணீர் கொடுத்து, நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, என்ஜின் பக்கத்தில் குந்திக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டான். கொஞ்சம் மலாய் தெரிந்தது. "நீ இந்த மாதிரி சும்மா சுத்திப் பார்க்க வந்திருக்கியா?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு சிரித்தான். "தினமும் வர்றேனே" என்றான்.

இரண்டாவது, ரொட்டி. பசியாறியபோது எடுத்து வைத்த ரொட்டித் துண்டை நான் தண்ணீரில் போட்டேன். மீன்கள் கூட்டமாக வந்தன, எல்லாரும் கைத்தட்டினோம். வழிகாட்டி ஓடி வந்து கையை ஆட்டித் தடுத்தார். பவளப் பாறையின் மேல் வளரும் பாசியை மேய வேண்டிய மீன்கள் ரொட்டிக்குப் பழகிவிட்டால், பாசி பவளத்தை மூடிவிடும். இது எனக்குத் தெரியாததா? சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறவன். தண்ணீரில் சத்து கூடினால் என்ன ஆகும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன். தெரிந்தும் போட்டேன். வீடியோ நன்றாக வரும் என்பதற்காக.

மூன்றாவது, பணம். பயணத்துக்கு என் பங்கு எண்ணூறு வெள்ளிக்குப் பக்கத்தில் வந்தது. பகுதி நேர வேலை செய்து சேர்த்த காசு என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அதில் பாதிதான் உண்மை. மீதி, பி.டி.பி.டி.என். கடனில் கட்டணம் போக என் கணக்கில் கிடந்த பணம். படிப்புக்கு என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய கடன். அந்தக் கடனில்தான் நான் பச்சைத் தண்ணீரில் மிதந்தேன்.

"காசு குடுத்தாச்சுல்ல?"

திரும்பி வரும்போது இதை நண்பர்களிடம் சொன்னேன். ரொட்டியையும் தம்பியையும்தான் சொன்னேன். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேனுக்குள் நல்ல சண்டை.

ஒருவன் சொன்னான்: "காசு குடுத்தாச்சுல்ல? டிக்கெட் வாங்கினோம், தேசியப் பூங்காவுக்குத் தனியா நானூறு பாட் கட்டினோம். அதோட கணக்கு முடிஞ்சது. நாம போகலைன்னா அந்தப் பையனுக்குச் சம்பளமே இல்ல. பாவம்னு சொல்லிட்டு வீட்டுல உட்கார்ந்தா அவன் வயிறு நிறையுமா?"

இந்த வாதத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. கொரோனா காலத்தில் சுற்றுலா நின்றபோது அந்தத் தீவுகளில் படகுக்காரர்கள் பட்ட பாடு உலகமே அறிந்தது. பணம் ஓடுவதால் பிழைப்பு நடக்கிறது. உண்மை.

ஆனால் இதே வாதத்தை ஒரு தோட்டத்துத் துரையின் வாயில் வைத்துப் பாருங்கள். "கூலி குடுத்தாச்சுல்ல? நான் தோட்டம் போடலைன்னா இவங்களுக்குச் சோறே இல்ல." பாட்டிக்குக் கூலி கிடைத்தது, உண்மைதான். அதனால் பாட்டிக்கும் துரைக்கும் இடையே கணக்கு முடிந்துவிட்டது என்று நம்மில் யாராவது ஒத்துக்கொள்வோமா? மாட்டோம். நம் முன்னோர் ரத்தம் சிந்தி இந்த நாட்டை உருவாக்கினார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அப்படியானால் கூலிக்கு மேலே ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது என்று நாமே நம்புகிறோம். நமக்கு வர வேண்டிய பாக்கியை நினைவு வைத்துக்கொண்டு, நாம் கொடுக்க வேண்டிய பாக்கியை மறப்பது நியாயமா?

இன்னொருவன் சொன்னது வேறு: "நம்ம தாத்தா பாட்டி கஷ்டப்பட்டதே நாம சந்தோஷமா இருக்கத்தான். நீ இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா அவங்க பட்ட கஷ்டத்துக்கு என்ன அர்த்தம்?"

இதிலும் உண்மை இருக்கிறது. பாட்டி ஒருநாளும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. எதுக்குப் போற என்றுதான் கேட்டார். இரண்டும் ஒன்றல்ல.

நம் மரபு என்ன சொல்கிறது?

இந்து என்றால் இன்பத்தை வெறுப்பவன் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு உறுதிப்பொருளில் இன்பமும் ஒன்று. திருக்குறளின் 133 அதிகாரங்களில் 25 அதிகாரம் இன்பத்துப்பாலுக்கே. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அறத்துக்கு 38, பொருளுக்கு 70, அதன் பிறகுதான் இன்பம். கப்பல் கட்டும்போது முதலில் அடித்தளம், பிறகு என்ஜின், பிறகு நாற்காலி என்பது மாதிரி இந்த வரிசையை நான் புரிந்துகொள்கிறேன். நாற்காலி கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலி மட்டும் வைத்தால் மிதக்காது.

கடல் விஷயத்திலும் நம் மரபு ஒரே குரலில் பேசவில்லை. பௌதாயன தர்மசூத்திரத்தில் கடற்பயணம் குற்றங்களின் வரிசையில் இருக்கிறது. அதே நம் மரபில்தான் ராஜேந்திர சோழனின் கப்பல் படை 1025-ஆம் ஆண்டு கடாரத்துக்கு வந்தது. பாட்டியின் அம்மாவுக்குத் தோஷத்தைப் பற்றி யோசிக்க நேரமே இல்லை. ஆகவே "கடலில் போகலாமா" என்பது நம் கேள்வி இல்லை. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்லும் ஒரு கருத்து எனக்கு இங்கே உதவியது. உலகம் கொடுக்கல் வாங்கலால் சுழல்கிறது. மேலிருந்து கிடைத்ததை அனுபவித்துவிட்டுத் திருப்பி ஒன்றும் கொடுக்காதவனை அவர் திருடன் என்றே சொல்கிறார். அனுபவித்தவனைத் திருடன் என்று சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்காதவனைத்தான் சொல்கிறார். பொறியியல் படிக்கிறவனுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு தொட்டிக்குள் வருவதும் வெளியே போவதும் சரியாக இல்லாவிட்டால், ஒன்று வழியும், இல்லையேல் வற்றும்.

வற்றினால் எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டாம். காம்பாரைச் சுற்றியுள்ள குளங்கள் எல்லாம் ஈயம் தோண்டிய பள்ளங்கள். தஞ்சோங் துவாலாங்கில் இன்னும் நிற்கிறதே, 1938-ல் கட்டி 1982 வரை ஓடிய ஈயக் கப்பல், அதுவும் எங்கும் போய்ச் சேராத கப்பல்தான். ஒரு குளத்துக்குள் மிதந்துகொண்டே மண்ணைத் தின்று ஈயத்தை எடுத்தது. ஈயம் தீர்ந்தது, வாங்கியவர்கள் போய்விட்டார்கள், குளம் மட்டும் மிச்சம்.

திருப்பிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதையும் அதே பயணத்தில் பார்த்தேன். மாயா குடா. 2000-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தால் உலகப் புகழ் பெற்ற சின்னக் கடற்கரை. ஒரு நாளில் ஐயாயிரம் பேர் வரை வந்து, படகு நங்கூரங்கள் பவளத்தை உடைத்து, கடைசியில் 2018 ஜூன் மாதம் தாய்லாந்து அரசு அதை மூடியது. முதலில் நாலு மாதம் என்றார்கள். போதவில்லை. 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். பவளத்தை மறுபடி நட்டார்கள். கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் கரையோரம் திரும்பி வந்தன. இப்போது படகு குடாவுக்குள் நுழைய முடியாது. பின்பக்கம் இறங்கி நடந்துதான் போக வேண்டும், நீந்தக் கூடாது, நேரக் கட்டுப்பாடு உண்டு, வருடத்தில் சில மாதம் மூடியே இருக்கும்.

அங்கே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இதுவும் விரதம்தானே? அந்தக் கடற்கரையை விரதம் இருக்க வைத்திருக்கிறார்கள். விரதம் முடிந்த பிறகும் பழையபடி ஆட விடவில்லை. அனுபவிப்பதையே விரதத்தின் ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

இங்கேதான் என் நண்பனின் வாக்கியத்துக்கு வருகிறேன். "விரதத்துக்கு முன்னாடி ஆசை தீர ஆடிட்டு வந்துருவோம்." நாம் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஜாலிக்கு ஒன்று, பக்திக்கு ஒன்று. ஒன்றில் கூடிய பாக்கியை இன்னொன்றில் காவடி தூக்கிக் கழித்துவிடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் ரொட்டி தின்ற மீனுக்கு என் காவடி தெரியாது. அப்பாவிடம் சொன்ன பொய்யைப் பால்குடம் கழுவாது. பாக்கி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கட்ட வேண்டும்.

கட்டிய பாக்கி

இதை எழுதுவதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. தைப்பூச விரதம் தொடங்கிய முதல் நாள் அப்பாவிடம் கடன் விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ரொம்ப நேரம் கழித்து, "அந்த எடம் நல்லா இருந்துச்சா?" என்றார். நல்லா இருந்துச்சுப்பா என்றேன். "நானும் இருவது வருசமா கேமரன் மலைக்குப் போறேன். காய்கறி ஏத்தத்தான். ஒருநாள்கூட வண்டிய ஓரமா நிப்பாட்டி எறங்கிப் பார்த்ததில்ல. ஊர்ல இருந்தெல்லாம் வர்றாங்க. என்னத்தப் பார்க்கிறாங்கன்னு தெரியல" என்றார்.

தினமும் வர்றேனே.

கயிறு கட்டிய அந்தத் தம்பி யாரென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் என் அப்பா. ஊரே இன்பம் தேடி வரும் இடத்துக்குத் தினமும் போய், அதைப் பார்க்காமலே திரும்புகிறவர். படகில் அவனுக்காகப் பரிதாபப்பட்ட எனக்கு, வீட்டில் அதே ஆள் இருப்பது இருபத்திரண்டு வருடமாகத் தெரியவில்லை.

அப்பா கடைசியாகச் சொன்னது: "எடுத்த காச திருப்பிப் போட்டுரு. பொய் சொன்னதுக்கு நீயே ஒரு வழி பண்ணு." வார இறுதியில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மூன்று மாதத்தில் பணத்தைத் திருப்பிப் போட்டேன். மற்றதற்கு ஒரு வழி பண்ணினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவையும் அம்மாவையும் பாட்டியையும் லூமூட் கூட்டிப் போய்ப் பங்கோர் தீவுக்குப் படகு ஏறினோம். அரை மணி நேரம்தான். எழுபத்தைந்து வருடத்துக்குப் பிறகு பாட்டி கடலில் போகிறார் என்று நான் மட்டும் பரபரப்பாக இருந்தேன். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கரை வந்ததும், "அவ்ளோதானா? நாத்தமே இல்லையே" என்றார்.

அப்பா கடலையே பார்க்கவில்லை. படகு கரை சேரும்போது கயிற்றை வீசிக் கட்டும் ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாக் கட்டுறான்" என்றார். இறங்கும்போது அவரிடம் போய் ஏதோ பேசினார். இருவரும் சிரித்தார்கள். கிராபியில் நான் செய்யாமல் விட்டது அது. அந்தத் தம்பியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

நம் இயக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விடுமுறைக்குப் போங்கள். கடலைப் பாருங்கள், குதியுங்கள். வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவதால் யாருக்கும் புண்ணியம் இல்லை. போகும் முன் மூன்று கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காசு யாருடையது? அங்கே நான் எதை உடைக்காமல் திரும்பி வரப் போகிறேன்? எனக்காக உழைக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறேனா?

பாட்டி இன்னொரு கேள்வி கேட்டார், எங்க போய் எறங்குவீங்க என்று. ஏறின இடத்திலேயே இறங்குவோம் என்று சொன்னேன். அது சரியான பதில்தான். திரும்பி வந்து இறங்கும்போது, அந்த இடத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.